போடுகிறவரின் இடது

ஒண்ணாம் நம்பர் கோட்டு சரிபார்க்க வந்த அன்று தையற்கடையில் கரண்ட் இல்லை. அவருக்கு அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. நாற்பத்தோரு வருடமாக அவருக்குக் கண் தெரியாது. கஷ்டமெல்லாம் தையற்காரிக்குத்தான். ஜன்னல் ஓரமாக அவரை நிற்க வைத்து, வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு ஏற்றபடி அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒண்ணாம் நம்பர் என்பது ஊர் வைத்த பட்டம். சொந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரருக்கே யாரென்று தெரியாது. ஒண்ணாம் நம்பர் என்று எழுதினால் தபால்கூடத் தவறாமல் வந்துவிடும். எல்லாம் அந்தப் போட்டோவால் வந்தது. பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது, தபால்தலையில் இருக்கிறது, சலூன் காலண்டரில்கூட இருக்கிறது. ஒரு குட்டிச்சுவரின் மேல் ஆறு சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தூசுக்காக ஆறு பேரும் முகத்தில் துண்டு கட்டியிருப்பார்கள். தெரிவது பன்னிரண்டு கண்கள் மட்டும். கீழே ‘இடமிருந்து வலமாக’ என்று போட்டு ஆறு பெயர்கள். முதல் பெயர் இவருடையது.

போட்டோ எடுத்த மறுநாள் அந்தச் சுவரின் மேல் குண்டு விழுந்தது. ஆறு பேரில் வீட்டுக்குத் திரும்பியவர் இவர் ஒருவர்தான், அதுவும் இரண்டு கண்களையும் அங்கேயே விட்டுவிட்டு.

மூன்றாவது பெயர் தையற்காரியின் அப்பாவுடையது. அந்தப் போட்டோ பேப்பரில் வந்தபோது அவள் அம்மா வயிற்றில் ஐந்து மாதம். ‘வீரமரணம்’ என்று இராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு நாலு வயதாகும்போது அம்மா ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அப்பா என்று கூப்பிடுவது அவரைத்தான். இன்னொருவருக்குச் சின்ன வயதில் அவளாகவே ஒரு பெயர் வைத்தாள், போட்டோ அப்பா. அந்தப் பெயரே வீட்டில் நிலைத்துவிட்டது.

நான்காவது பெயர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மாவின் கணவருடையது. இங்கேதான் இரண்டாவது போட்டோ வருகிறது. குண்டு விழுந்ததற்கு மறுநாள் எதிரிப் படையின் போட்டோக்காரன் ஒருவன் எடுத்தது. கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கைதி நடந்து போகிறான். முகத்தில் அதே துண்டு. சட்டைப் பாக்கெட்டின் மேல்மூடி பாதி பிய்ந்து தொங்குகிறது. முதல் போட்டோவில் நாலாவது ஆளுக்கும் அதே மாதிரி, அதே கோணத்தில், தொங்கும். தையற்காரியே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒரே கிழிசல்தான், சந்தேகமே இல்லை. ஆக, நாலாவது ஆள் உயிரோடு பிடிபட்டிருக்கிறார். அப்புறம் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. கைதிகளைத் திருப்பி அனுப்பியபோது அவர் வரவில்லை. நர்ஸம்மா அன்று உட்கார்ந்து எதிரி நாட்டுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

வருடா வருடம் நினைவு நாளில் தையற்காரியின் அம்மாவைப் பார்த்தால் நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: “உங்களுக்கு முடிஞ்சு போச்சு. நீங்க கொடுத்து வெச்சவங்க.” கேட்கிறவர்களுக்கு என்னவோ போலிருக்கும். அம்மா தலையாட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் ஆறு பேருக்கும் சிலை திறக்கிறார்கள். கோட்டு அதற்காகத்தான்.

“பதக்கம் குத்தற பட்டை எந்தப் பக்கம் வெக்கட்டும் மாமா?”

“இடது பக்கம். பாக்கெட்டுக்கு மேல.”

“சரி.” கோடு போடும் சாக்பீஸை எடுத்தாள்.

“உன் இடதா, என் இடதா?” என்று சீண்டினார் அவர். “எதிர்ல நின்னுக்கிட்டு உன் இடதுன்னு நெனைச்சு வலதுல வெச்சுடப் போற. ஞாயித்துக்கிழமை ஊரே சிரிக்கும்.”

“தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வாட்ச்மேன் சட்டைக்கு அப்படி வெச்சுத் தொலைச்சேன். அதோட சரி. போடறவங்க இடதுதான் இடது. தையல்ல வேற இடதே கிடையாது.”

“அப்படிச் சொல்லு. பட்டாளத்துலயும் அதேதான். வரிசையில நிக்கிறவனோட இடதுதான் இடது. எதிர்ல நின்னு கத்தற ஆபீசர் தன்னோட இடதைப் பத்திப் பேசினான்னா பாதிப் பட்டாளம் சுவத்துல போய் முட்டிக்கும்.” அவர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். “ஆஸ்பத்திரியில அந்தப் பேப்பர்காரன் வந்தானே, கண்ணுல கட்டோட படுத்திருந்தேன். போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு, ‘இடமிருந்து வரிசையாப் பேர் சொல்லுங்க’ன்னான். அப்படியே சொன்னேன். கடைசியில நான். என் இடது கைப் பக்கம் யாருமில்ல, தண்ணி டின் மட்டும்தான். அங்கேர்ந்து ஆரம்பிச்சேன். மொதல்ல நான், அப்புறம் எனக்குப் பக்கத்துல இருந்தவன், அப்படியே அந்தக் கோடி வரைக்கும். ஒரு பேர் மறக்கல. காய்ச்சல்லகூட.”

தையற்காரி சாக்பீஸைக் கீழே வைத்தாள். எதிர்ச் சுவரில் அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. கடை திறந்த நாளிலிருந்து மாட்டியிருக்கிறது. தினமும் பார்ப்பதால் பார்ப்பதே இல்லை. இப்போது பார்த்தாள்.

தண்ணீர் டின் வலது ஓரத்தில் இருந்தது.

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, புரிந்தது நிற்கவில்லை. பட்டன் டப்பாவைத் திறந்து ஆறு பட்டன்களை மேஜை ஓரமாக வரிசையாக வைத்தாள். இது சுவர். இவர்கள் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவருக்கு இடது கைப் பக்கம் யாருமில்லை. மேஜையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம், பட்டன்களுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இடது ஓரம் எது என்று விரலை வைத்தாள். விரலை எடுக்காமல் குனிந்து, எட்டி, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். வலது ஓரம். மறுபடி சுற்றிப் போனாள். மூன்று முறை சுற்றினாள். பட்டன்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன.

“என்ன, ஊசி கீழ விழுந்துடுச்சா?” என்றார் ஒண்ணாம் நம்பர், பாதிக் கோட்டோடு நின்றபடி.

“மாமா, அந்தப் பேப்பர்காரர் இடதுன்னது போட்டோவுல இடது. பாக்கிறவங்களோட இடது.”

“அதெப்படி? உக்காந்திருந்தவன் நான்.”

“நீங்க உக்காந்திருந்தீங்க. அவர் போட்டோவை எதிர்ல வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு.”

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். கோட்டுக்குள்ளிருந்த கையைத் தூக்கி, வெறும் காற்றில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டுபோனார். நாற்பத்தோரு வருடமாக ஒவ்வொரு விழாவிலும் யாராவது மைக்கில் அந்த வரியைப் படிப்பார்கள். இடமிருந்து வலமாக என்று தொடங்கி அவர் பெயரை முதலில் சொல்வார்கள். அவரும் சரி என்று தலையாட்டுவார். காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பார்த்துச் சொல்ல வேண்டிய ஒரே ஆளுக்குப் பார்வை இல்லை. பார்வை இருந்த இத்தனை பேருக்கும் சந்தேகம் வரவில்லை. முகத்தில் துண்டு கட்டிய ஆளைப் பார்த்து, “அதே கால், அதே உட்கார்ற தோரணை, எங்கண்ணன்தான்” என்று அவருடைய தங்கச்சியே பேட்டி கொடுத்திருக்கிறாள்.

“அப்போ போட்டோவுல ஒண்ணாம் நம்பரா உக்காந்திருக்கிறது யாரு?”

“அது கடைசிப் பேர்க்காரர். நீங்க ஆறு.”

“ஆறா,” என்றார். விரலை மடக்கி எண்ணிவிட்டு, “உங்கப்பா?” என்றார்.

நடுவில் இருந்த இரண்டு பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாலாகும். நாலு மூன்றாகும். பாக்கெட் மூடி பிய்ந்து தொங்குகிறவர், கையைத் தலையில் வைத்துக்கொண்டு உயிரோடு நடந்து போனவர், போட்டோ அப்பா.

அவளுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்றே தெரியவில்லை. அன்றைக்கு அப்பா சாகவில்லை. சரி, அப்புறம்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா, அதாவது டிரைவர் அப்பா, ஸ்டூலில் ஏறி அந்தப் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை துடைப்பார். பஸ் கண்ணாடி துடைத்த கை, ஒரு புள்ளிகூட விடாது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் செருப்பு என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்த மூணாவது ஆள் கண்ணு போட்டோ அப்பா கண்ணுதானா?”

“இதென்ன கேள்வி? அந்தக் கண்ணைப் பார்த்துத்தானே கட்டிக்க ஒத்துக்கிட்டேன். ஆயிரம் பேர் இருந்தாலும் காட்டிடுவேன்.”

“நாலாவது ஆள்?”

“அது நர்ஸம்மா வீட்டுக்காரர். பாவம்.” அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “சொல்லக் கூடாது, ஆனா கொஞ்சம் திருட்டு முழி.”

டிரைவர் அப்பா ஸ்டூலில் நின்றபடியே சிரித்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் தையற்காரியும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

“ஏன் திடீர்னு கேக்கற?” என்றார் அவர் இறங்கிக்கொண்டே.

“சும்மாதான். அப்பா, நீங்க அம்மாவைக் கட்டிக்கும்போது, அந்த லெட்டரைப் படிச்சீங்களா? இராணுவ லெட்டர்?”

“படிக்காம? ரெண்டு தடவ படிச்சேன். இன்னொருத்தர் உயிரோட இருக்காரோன்னு சந்தேகம் வெச்சுக்கிட்டு அவர் வீட்டுக்குள்ள எவன் வருவான்? அதுல தெளிவாப் போட்டிருந்தது. அப்புறம்தான் உங்கம்மாகிட்டப் பேச்சையே எடுத்தேன்.” துணியை உதறினார். “நல்ல மனுஷன் பேருக்குக் கெடுதல் வந்துடக் கூடாது பாரு.”

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். முப்பத்தேழு வருடக் குடும்பம் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி திரும்பியதால் வேறாகிவிடுமா? ஆகாது. ஆனால் அதற்கப்புறம் அந்த ஸ்டூலில் அவர் எப்படி ஏறுவார்? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் நர்ஸம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து, கொடுத்து வெச்சவங்க என்பார், அம்மா தலையாட்டுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. செருப்பு எது நன்றாயிருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, “ரெண்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஒண்ணாம் நம்பர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி தூங்கியவர் மாதிரி தெரியவில்லை. கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு, “கிளம்பு. நர்ஸம்மாகிட்டப் போகணும். சொன்ன வாய் என்னோடது, நானே சொல்லிடறேன்,” என்றார்.

“ஞாயித்துக்கிழமை முடியட்டுமே மாமா. கல்லுல பேர் வெட்டியாச்சு.”

“கல்லு கெடக்கட்டும். அந்தம்மா இன்னும் ஒரு லெட்டர் எழுதிப் போடறதுக்குள்ள போகணும்.”

பஸ்ஸில் ஒரு தடவை மட்டும் அவர், “நான் எண்ணினது தப்பாக்கூட இருக்கலாமில்ல?” என்றார், தப்பாக இருக்க வேண்டுமே என்கிற குரலில். அவள் தண்ணீர் டின் எந்தக் கை என்று கேட்டாள். அவருடைய இடது கை தானாகவே எழுந்தது.

நர்ஸம்மாவின் வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். ஒரே கட்டில், மடிப்புக் கலையாத போர்வை, சுவரில் கடிகாரம். மேஜைக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வருடம் எழுதியிருந்தது. அவர் இருவருக்கும் டீ கொடுத்தார். ஒண்ணாம் நம்பர் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ஆனால் சொல்லும்போது அவரே இரண்டு இடத்தில் குழம்பினார்; இடது என்பதற்கு வலது என்றார், தையற்காரி திருத்தினாள், திருத்தியது தப்பு என்று தோன்றி மறுபடி திருத்தினாள்.

“நிறுத்துங்க,” என்றார் நர்ஸம்மா. “பேசினா வேலைக்காகாது. உக்காந்து காட்டுங்க.”

கட்டிலின் விளிம்பில் அவரை உட்கார வைத்தார். பக்கத்தில் தையற்காரியை. அதற்குப் பக்கத்தில் இரண்டு தலையணை, ஒரு மருந்துப் பெட்டி, ஒரு பிளாஸ்க், ஆறு ஆயிற்று. பிறகு எதிரே போய் நின்றார், கையில் போட்டோவோடு. போட்டோவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். “தண்ணி டின்,” என்றார். ஒண்ணாம் நம்பர் இடது கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார்.

நர்ஸம்மா போட்டோவில் வலது ஓரத்தில் இருந்த டின்னைப் பார்த்தார். அங்கிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றில் நின்றார், நாலுக்கு நகர்த்தினார். கடிகாரம் சத்தமாக ஓடியது.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா,” என்றார் ஒண்ணாம் நம்பர். “நான் பாக்கலையே. பாத்திருந்தா சொல்லியிருப்பேன்.”

நர்ஸம்மா கடைசிப் பெட்டியைத் திறந்து மேலே இருந்த கடிதத்தை எடுத்தார். எதிரி நாட்டு அலுவலகத்திலிருந்து வந்த பதில். பழக்கப்பட்ட குரலில் வாசித்தார்: “தாங்கள் குறிப்பிட்ட பெயருடைய எவரும் எங்கள் காவலில் இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை.” அதை வைத்துவிட்டு முந்தைய வருடத்துப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே வரி. இன்னொன்று. அதே வரிதான், கையெழுத்துப் போட்டவர் மட்டும் வேறு.

“ஒவ்வொண்ணையும் படிச்சுட்டுப் பொய்யனுங்கன்னு திட்டியிருக்கேன்,” என்றார். “போட்டோவுல நடந்து போறாரு, இல்லவே இல்லைங்கறானுங்களேன்னு. பாவம், அவங்க பொய் சொல்லல. முப்பத்தெட்டு தடவ உண்மையைத்தான் எழுதியிருக்காங்க.” நாற்காலியில் உட்கார்ந்தார். “என் ஆளு அன்னிக்கே அந்தச் சுவத்தோட போயிட்டாரு. எனக்கு இன்னிக்குத்தான் தகவல் வந்திருக்கு. அழணும்போல இருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல.”

தையற்காரி பெட்டிகளைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். “நர்ஸம்மா, இத்தனை லெட்டர்ல, எங்கப்பாவைப் பத்தி எங்கயாவது எழுதியிருந்தாங்களா? ஒரு வார்த்தையாவது?”

“எப்படிம்மா எழுதுவாங்க? கேட்ட பேருக்குத்தான் பதில் வரும்.” அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “உங்கப்பா பேரைப் போட்டு யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. இராணுவம் கேட்கவில்லை, அதற்கு அவர் செத்தவர். அம்மா கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அதே திடலில் நின்று, நர்ஸம்மாவுக்காகப் பரிதாபப்பட்ட அவளும் கேட்கவில்லை. எங்கோ ஒரு அறையில் அந்த மனிதர் எத்தனை நாள் இருந்தாரோ, எத்தனை வருடம் இருந்தாரோ, இன்னும்தான் இருக்கிறாரோ, அத்தனை காலமும் பக்கத்து ஆளின் பெயரைச் சொல்லித்தான் வெளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு முதல்முறையாக, போட்டோவுக்கு வெளியே இருந்த ஒரு அப்பாவுக்காக அழுகை வந்தது.

நர்ஸம்மா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அலுவலக முகவரியைப் பார்க்காமலே எழுதினார். அதன் கீழே தையற்காரியின் அப்பா பெயரை எழுதினார். பிறந்த வருடம் கேட்டார், சொன்னாள். படைப்பிரிவு எண்ணை அவரே எழுதிக்கொண்டார், அது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

“அங்க அடையாளம் கேப்பாங்க,” என்றார். “மச்சம், தழும்பு, பல்லு, ஏதாவது.”

“எனக்குத் தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

“அம்மாவுக்கு.”

நர்ஸம்மா பேனாவை மூடவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“போய்க் கேட்டு எழுதிட்டு வா,” என்றார்.